வெளிறிப்போகும் நீலப் படம்

கேள்வி: வீட்டில் சயனோடைப் (மருந்து தடவிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து, வெயிலில் காட்டி எடுக்கும் நீலப் படம்) போட்டுப் பழகுகிறேன். குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆற்றோடு சேர்த்து எடுத்த படம், எப்படிப் போட்டாலும் வெளிறிய நீலமாகவே வருகிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய வானத்திலும் நீலம் படர்கிறது. நெகட்டிவ், ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட்டில் (ஒளி புகும் பிளாஸ்டிக் தாள்) எடுத்தது. உச்சி வெயிலில் 5 நிமிடம் காட்டி, போர் தண்ணீரில் அலசுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டினால் சரியாகுமா?
– வாசகி, வள்ளியூர்

பதில்: மருந்தில் கை வைக்காதீர்கள். 100 மில்லியில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, இரண்டிலும் சமபங்கு. இது போதும். ஜான் ஹெர்ஷல் 1842-இல் இந்த முறையைக் கண்டறிந்ததும் இதே வகை உப்புகளை வைத்துத்தான்.

படமும் வெளிறி, வானத்திலும் நீலம் ஏறினால் நெகட்டிவைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வானத்தின் கறுப்பில் ஊசி குத்தியது போலப் பொடிப்பொடி வெளிச்சம் தெரியும். அந்த வழியாக வெயில் இறங்குகிறது. வானம் கெட்டுவிடுமே என்று சீக்கிரம் எடுத்துவிடுகிறீர்கள். நிழல் பகுதிக்கு வெயில் பற்றாமல் போகிறது. அதே நெகட்டிவில் இரண்டு பிரதி எடுத்து, விளிம்பு பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுங்கள். கறுப்பு கெட்டியாகிவிடும்.

அப்புறம் 5 நிமிடக் கணக்கை விட்டுவிடுங்கள். மண்டபத்தின் இருண்ட பகுதி பச்சை கலந்த நீலத்தையும் தாண்டி, சாம்பல் நிறமாகி, லேசாக வெண்கலச் சாயல் காட்டும்வரை வெயிலிலேயே இருக்கட்டும். “ஐயோ, கருகிவிட்டதே” என்று தோன்றும். பயப்படாதீர்கள், தண்ணீரில் போட்டதும் பெரும்பகுதி இறங்கிவிடும். வெயிலில் பார்க்க அழகாக இருக்கும் படம் அலசிய பிறகு வெளிறித்தான் போகும்.

இனி தண்ணீர். இந்த நீலத்துக்குக் காரத்தன்மை ஆகவே ஆகாது. நம் பக்கத்து உப்புப் போர் தண்ணீரில் பல இடங்களில் காரம் உண்டு. வீணான படம் ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைப் போர் தண்ணீரிலும் மறு பாதியைப் பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலும் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று காலையில் தெரிந்துவிடும். முதல் அலசலுக்கு ஒரு லிட்டர் மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்து, இரண்டு டீஸ்பூன் வினிகர் விடுங்கள். படித்துறையின் ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரிகிற அந்த இடைநிறங்கள் தங்குவது இதனால்தான். வினிகர் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் குறைக்கும். நெகட்டிவை முதலில் சரிசெய்யச் சொன்னது அதற்காகவும்தான். பிறகு சாதாரண நல்ல தண்ணீரில், தாளில் மிஞ்சிய மருந்தின் மஞ்சள் நிறம் போகும்வரை அலசினால் போதும். மணிக்கணக்கில் ஊறப்போட வேண்டாம்.

ஈரத்தோடு படத்தை எடைபோடாதீர்கள். ஒரு நாள் காற்றில் காய்ந்தால் நீலம் தானாகவே ஆழமாகும். மெடிக்கலில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளி விட்டால் உடனே கறுக்கும்; ஆனால் கடைசியில் கிடைப்பது அதே நீலம்தான்.

ஐப்பசி மழை நாளில் மருந்து தடவிய தாளைச் சேர்த்து வைக்காதீர்கள். வெயிலுக்குப் போகும் முன்பே மஞ்சள் மாறி நீலம் தட்டியிருந்தால் அந்தத் தாளில் வெள்ளை கிடைக்காது.

கடுக்காய்க் கஷாயத்தில் ஊறவைத்து நீலத்தைக் கருநீலமாக்கும் வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த நிறம் அது. ஆனால் தாளின் வெள்ளையிலும் பழுப்பு ஏறும். உங்கள் வானம் முதலில் வெள்ளையாக வரட்டும், அதன் பிறகு நாட்டு மருந்துக் கடைக்குப் போகலாம்.