கேள்வி – பதில்: ஷோகுன் கேட்ட வரைபடங்கள்

கேள்வி: டோக்குகாவா குடும்பத்து ஷோகுன்கள் (படைத்தலைமை ஆட்சியாளர்கள்) ஆண்ட காலத்தில் ஜப்பானின் பெரும்பகுதி இருநூற்றுக்கும் மேற்பட்ட டைம்யோக்களின் (வட்டாரப் பிரபுக்களின்) கையில் பிரிந்து கிடந்தது என்று படித்தேன். அப்படியிருக்க, நாடு முழுவதற்கும் வரைபடம் கேட்கும் அதிகாரம் ஷோகுனுக்கு எங்கிருந்து வந்தது? (வரலாறு பயிலும் கல்லூரி மாணவி)

பதில்: அந்தப் படங்கள் எந்த அலகின்படி வரையப்பட்டன என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். டைம்யோ ஆண்ட பகுதிக்கு ‘ஹன்’ என்று பெயர். ஷோகுனின் அரசு ஹன் வாரியாகப் படம் கேட்கவில்லை. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பு பேரரசரின் அவை வகுத்திருந்த ‘குனி’ என்னும் பழைய மாகாணங்களின்படியே கேட்டது. ஒரு மாகாணத்துக்குள் பல டைம்யோக்களின் நிலங்கள் கலந்து கிடந்தால், அவர்களுள் ஒருவரிடமோ சிலரிடமோ பொறுப்பை ஒப்படைத்து, அண்டை நிலத்தாரின் விவரங்களையும் திரட்டி ஒரே படமாக வரைந்து தரச் சொன்னது. ஆகவே டைம்யோ வரைந்தது தன் ஆட்சிப் பரப்பை அன்று. தனக்கு முன்பே இருந்த, தன்னை வேறிடத்துக்கு மாற்றிவிட்டாலும் அப்படியே இருக்கப்போகும் ஒரு மாகாணத்தை.

இந்த முறை புதிதாக முளைத்ததன்று. 1591-இல், அப்போது நாட்டை அடக்கி ஆண்ட ஹிதேயோஷி, பேரரசரின் அரண்மனையில் வைப்பதற்காக என்று சொல்லி நாடெங்குமிருந்து நிலப் பதிவேடுகளையும் படங்களையும் கேட்டிருந்தார். 1603-இல் டோக்குகாவா குடும்பத்தில் முதலாவதாக ஷோகுன் பட்டம் ஏற்ற இயெயாசு, மறு ஆண்டே அதே வழியில் மாகாணப் படங்களைக் கேட்டார். பின்னர் 1644, 1696, 1835 ஆகிய ஆண்டுகளிலும் நாடு தழுவிய ஆணைகள் பிறந்தன. 1644-ஆம் ஆண்டு ஆணை, ஒரு ‘ரி’ தொலைவை ஆறு ‘சுன்’ நீளத்தில் வரைய வேண்டும் என்று அளவையும் நிர்ணயித்தது. இன்றைய கணக்கில் சுமார் 3.9 கிலோமீட்டருக்கு 18 சென்டிமீட்டர், அதாவது 21,600-இல் ஒரு பங்கு.

அந்தப் படங்களில் ஒவ்வோர் ஊரும் ஒரு நீள்வட்டம். அதற்குள் ஊரின் பெயரும், அந்த ஊரின் விளைச்சல் மதிப்பு எத்தனை ‘கொகு’ என்ற எண்ணும் எழுதப்பட்டிருக்கும். கொகு என்பது சுமார் 180 லிட்டர் கொள்ளும் அரிசி அளவு. குறைந்தது 10,000 கொகு மதிப்புள்ள நிலம் உடையவரே டைம்யோ. நீள்வட்டத்தின் நிறம் அந்த ஊர் மாகாணத்தின் உட்பிரிவான எந்த நிர்வாக வட்டத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். நில உடையவர் யார் என்பதோ, சில படங்களில், ஓரெழுத்துக் குறியாக மட்டுமே இடம்பெறும். படத்துடன் ஊர்வாரிப் பதிவேடும் ஒப்படைக்கப்பட வேண்டும். 1696-ஆம் ஆண்டு ஆணையின்படி தொகுக்கப்பட்ட பதிவேடுகளில் சுமார் 63,000 ஊர்கள் இருக்கின்றன. ஷோகுன் ஒரு டைம்யோவை நீக்கி வேறொருவரை அமர்த்தும்போது, எத்தனை ஊர், எத்தனை கொகு என்ற கணக்கு அவர் கையில் ஆயத்தமாக இருந்தது. வாளினால் பெற்ற அதிகாரத்தை நாள்தோறும் செலுத்துவதற்கு இந்தக் கணக்குதான் உதவியது என்று நான் கருதுகிறேன்.

எல்லைத் தகராறுகளின் கதை இதைவிடச் சுவையானது. 1696-ஆம் ஆண்டு ஆணையின்போது, மாகாண எல்லையில் வழக்கு இருந்தால் படத்தை ஒப்படைப்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுமாறு அரசு வற்புறுத்தியது. புல்லுக்கும் விறகுக்கும் ஒரே மலையை நம்பியிருந்த இரண்டு ஊர்கள், தலைமுறை தலைமுறையாகத் தெளிவின்றி விட்டுவைத்திருந்த எல்லையை ஒரு கோடாக மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தது. தங்களுக்குள் தீராத வழக்குகள் ஷோகுனின் இருப்பிடமான எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) உயர் நீதி மன்றத்துக்குச் சென்றன. அங்கே தீர்ப்பு என்பது ஒரு படம்தான்: எல்லை நெடுகக் கருமைக் கோடு இழுத்து, அதன்மேல் ஆங்காங்கே அதிகாரிகள் முத்திரை பதித்து, பின்பக்கத்தில் தீர்ப்புரையை எழுதி இரு தரப்புக்கும் கொடுத்தார்கள். மலையடிவாரத்து விவசாயிக்கு ஷோகுனின் அரசு கண்முன் தோன்றியது இந்தக் கோட்டின் வடிவில்தான்.

கேள்வி: அக்காலத்து ஆட்சிக்குக் கன்பூசியச் சிந்தனை அடிப்படையாக இருந்தது என்கிறார்கள். நிலத்தை அளப்பதற்கும் வரைவதற்கும் அது தூண்டுதலாக இருந்ததா? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: தூண்டுதல் என்று சொல்வது மிகை. வரியும் படை ஏற்பாடுமே முதற்காரணங்கள். ஆனால் அந்தச் செயலுக்கு ஓர் அறப்பொருள் கற்பித்ததில் கன்பூசிய நூல்களுக்குப் பங்கு உண்டு. கருணையுள்ள ஆட்சி நில எல்லைகளை வகுப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது கன்பூசியஸுக்குப் பின் வந்த சீன அறிஞர் மென்சியஸின் வாக்கு. எல்லை நேராக இல்லாவிட்டால் நிலப் பங்கீடு சமமாகாது, கொடிய அதிகாரிகளுக்கு அதுவே வசதி என்று அவர் காரணமும் சொல்கிறார். யூ என்னும் பழைய சீன அரசர் வெள்ளத்தை அடக்கி, நாட்டை ஒன்பது மாகாணங்களாகப் பகுத்து, மண்ணின் தன்மையறிந்து வரி விதித்த கதை, கன்பூசியர் போற்றிய பழம் நூல்களுள் ஒன்றில் வருகிறது. இவற்றைப் பயின்ற ஜப்பானிய அறிஞர்களுக்கு, நிலத்தை வகுப்பது ஆளுகிறவரின் முதற்கடமைகளுள் ஒன்றாகத் தோன்றியதில் வியப்பில்லை.

எனினும் எல்லா அறிஞரும் ஒரே குரலில் பேசவில்லை. இயெயாசு முதல் நான்கு ஷோகுன்களிடம் பணிபுரிந்த ஹயாஷி ரசான், மேல் கீழ் என்ற ஒழுங்கு வானும் மண்ணும் போல இயற்கையிலேயே அமைந்தது என்றார். அடுத்த தலைமுறைகளில் வந்த ஓக்யூ சொராய் இதை ஏற்கவில்லை. ஆட்சிநெறி இயற்கையில் கிடப்பதன்று, பண்டைய ஞானியர் அறிந்து சமைத்தது என்பது அவர் வாதம். எட்டாம் ஷோகுன் யோஷிமுனேக்கு அளித்த ஆலோசனைகளில், சாமுராய்கள் நகரத்தில் சத்திரவாசிகளைப் போல வாழ்கிறார்கள், அவர்களை மீண்டும் நிலத்தில் குடியமர்த்த வேண்டும் என்று எழுதினார். எல்லை மனிதர் வகுப்பது என்பதை உணர்ந்தவருக்கே அதைத் திருத்தி வகுக்கும் துணிவும் வருகிறது. அவ்வகையில் என் மனம் சொராய் பக்கமே சாய்கிறது.

வரைபடத்தையே தன் வாழ்நாள் பணியாக்கிக்கொண்ட கன்பூசிய அறிஞரும் ஒருவர் உண்டு. மீத்தோ பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நாககுபோ செகிசுயி, படிப்பினால் உயர்ந்து அப்பகுதிப் பிரபுவுக்கே ஆசிரியரானவர். அவர் நாடு முழுவதையும் நேரில் அளந்தவர் அல்லர். பழைய படங்களையும் பயண நூல்களையும் ஒப்பிட்டு, வழிப்போக்கர்களிடம் கேட்டறிந்து, சுமார் இருபது ஆண்டுகள் திருத்தித் திருத்தி 1779-இல் ஜப்பான் படத்தை முடித்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இட்டு அச்சான அந்தப் படம் பல பதிப்புகள் கண்டது.

கேள்வி: வரைபடங்கள் அரச இரகசியமாக இருந்தன என்பது உண்மையா? அவற்றை இன்று பார்க்க முடியுமா? (பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்)

பதில்: ஓரளவுக்கே உண்மை. செகிசுயியின் படத்தை யாரும் விலை கொடுத்து வாங்கலாம். ஆனால் நில அளவையாளர் இனோ தடதாகாவின் தலைமையில் 1800 முதல் 1816 வரை நடந்த அளவைப் பணிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டு, அவர் மறைவுக்குப் பின் 1821-இல் நிறைவடைந்த 214 தாள் கொண்ட பெரும்படம் அரசின் காவலிலேயே இருந்தது. அதன் பிரதியை ஜெர்மானிய மருத்துவர் சீபோல்டுக்குக் கொடுத்ததற்காக அரச வானியலாளர் தகஹாஷி ககெயாசு 1828-இல் கைதானார். மறு ஆண்டு சிறையிலேயே இறந்த பிறகும் அவருடைய உடலை உப்பிலிட்டு வைத்திருந்து மரண தண்டனை விதித்தார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

1835-ஆம் ஆண்டு ஆணையின்படி உருவான 83 மாகாணப் படங்கள் டோக்கியோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் பெரிதாக்கிப் பார்க்கலாம். இவை தரையில் விரித்து, சுற்றி நடந்து படிப்பதற்காக வரையப்பட்டவை என்பதால் எழுத்துகள் பல திசைகளிலும் திரும்பியிருக்கும். முந்தைய ஆணைகளின்போது டைம்யோக்களே வரைந்து கொடுத்தார்கள். இம்முறை அவர்கள் திருத்தங்களை மட்டும் அனுப்ப, ஷோகுனின் அரசே எடோவில் வரைந்து முடித்தது. படத்தின் ஓரத்தில் வட்டவாரிக் கொகு கணக்கை அடுத்துக் கையொப்பம்போல் இருக்கும் பெயர்களைத் தேடிப் பாருங்கள். அவை ஷோகுனின் நிதித்துறை, கண்காணிப்பு அதிகாரிகளின் பெயர்கள்.