ஆர்சி கிராலரில் பிளாஸ்டிக் டிரைவ்ஷாஃப்டை எடுத்துவிட்டு எஃகு ஷாஃப்ட் போடலாமா?

போடலாம். (கிராலர் என்றால் கல், பாறை மேல் ஏறும் ரிமோட் வண்டி. டிரைவ்ஷாஃப்ட் என்றால் கியர்பாக்ஸின் சுழற்சியைச் சக்கர அச்சான ஆக்சிலுக்குக் கொண்டுபோகும், நீண்டு சுருங்கும் தண்டு.) ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன் ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள். அளக்காமல் வாங்கிக் கெட்டவன் சொல்கிறேன்.

என்னுடையது 1:10 வண்டி. 2எஸ் (இரண்டு செல்) பேட்டரியில் ஓடியவரை பிளாஸ்டிக்கே தாங்கியது. 3எஸ் (மூன்று செல்) போட்ட பிறகு ஒருநாள் முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொள்ள, நான் த்ராட்டிலை விடவே இல்லை. பின்சக்கரம் மட்டும் சுற்றியது. கவிழ்த்துப் பார்த்தால் முன் ஷாஃப்ட் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக் கிடந்தது.

உடனே வீல்பேஸை (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) மட்டும் பார்த்து எஃகு ஷாஃப்ட் வாங்கினேன். வண்டி நிற்கும்போது கச்சிதமாகத்தான் இருந்தது. ஷாக் முழுசாக அமுங்கியபோதோ அது உள்ளே போக இடமில்லாமல் கியர்பாக்ஸை முட்டி, பேரிங்கைக் காலி செய்துவிட்டது. அதனால் கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரத்தை, ஷாக்கை முழுசாக அமுக்கி ஒருமுறை, சக்கரங்களைத் தொங்கவிட்டு ஒருமுறை, ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி ஒருமுறை அளங்கள். ஷாஃப்ட் முழுக்கச் சுருங்கிய நீளம், கிடைத்த மிகக் குறைந்த அளவைவிட ஓரிரு மில்லிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். தொங்கும்போது கழன்று வந்துவிடவும் கூடாது.

மாட்டும்போது இரண்டு முனையிலும் உள்ள யூ-ஜாயின்டின் (சாய்வாகவும் சுற்றவிடும் மூட்டு) கவைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். யூ-ஜாயின்ட் சாய்வாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். நேராக வைத்தால்தான் மறுமுனை அதைச் சமன் செய்யும். நீண்டு சுருங்கும் இடத்தில் உள்ள பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டினால்கூட வண்டி நடுங்கும். பலர் இதை ஷாஃப்டின் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள், பாவம்.

டிரைவ்ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு), கியர்பாக்ஸ், ஆக்சில் முனைகளில் நீட்டியிருக்கும் தண்டின் தட்டையான பக்கத்தில்தான் உட்கார வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு நீல லோக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. எம்4 (4 மிமீ) ஸ்க்ரூ என்றால் 2 மிமீ ஆலன் கீ, தேயாத நல்ல கீயாக. பிறகு கழற்ற வரவில்லையா? சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூவில் அரை நிமிடம் வையுங்கள், இளகிவிடும்.

டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 போல போர்ட்டல் ஆக்சில் (சக்கரத்தின் பக்கத்திலேயே தனி கியர் உள்ள அச்சு) வண்டி என்றால் அவசரமே இல்லை. கடைசி கியர் குறைப்பு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடப்பதால் ஷாஃப்டுக்கு வரும் முறுக்கு குறைவு.

இன்னொன்று, ஷாஃப்ட் உடையாவிட்டால் அந்த அடி ஆக்சில் பினியனுக்கோ (ஆக்சிலுக்குள் இருக்கும் சின்ன கியர்) கியர்பாக்ஸுக்கோதான் போகும். ஷாஃப்ட் மாற்றுவது பத்து நிமிட வேலை, கியர்பாக்ஸைப் பிரித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. என் வண்டியில் முன்னால் மட்டும்தான் எஃகு. பின்னால் இன்னும் பழைய பிளாஸ்டிக்கே ஓடுகிறது.