சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போக, பழைய அபார்த் 500 (ஃபியட் 500 சிறிய காரின் வேகமான டர்போ வகை) வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வீட்டில் மைவி மாதிரி ஒரு சாதாரண உள்ளூர்க் காரோ மோட்டார் சைக்கிளோ கைவசம் இருக்க வேண்டும். ஒரே வண்டி இதுதான் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

சாலை வரி பயமுறுத்தாது. 1,368 சிசி என்பதால் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு 70 வெள்ளிதான். செலவெல்லாம் அதற்கப்புறம் வருகிறது. டர்போ எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் குறைவு என்று விற்பவர் சொல்வார். நம் ஊர் வெயிலில் சும்மா நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். பெல்ட்டோடு தண்ணீர் பம்ப்பையும் மாற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அதே கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டிவரும்.

கியர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: மேனுவல் மட்டும். தானாக கிளட்ச் போடும் எம்டிஏ வகை, நெரிசலில் தலையாட்ட வைக்கும். அதன் ஹைட்ராலிக் பாகம் போனால் நம் ஊர்ப் பட்டறை போர்மேன் கையை விரித்துவிடுவார்.

அப்புறம், நெடுஞ்சாலையில் இது தங்கம். தோட்டத்துச் சாலை வேறு கதை. செம்பனை லாரிகள் தோண்டிய குழிகளில் கடினமான சஸ்பென்ஷன் முதுகைப் பதம் பார்க்கும், மெல்லிய டயர் வெடிக்கும். பல வண்டிகளில் உபரி டயரே கிடையாது, ஓட்டையைப் பசையால் அடைக்கும் பெட்டிதான். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது.

முன்பணம் கொடுக்குமுன் ஐரோப்பியக் கார் பார்க்கும் பட்டறையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் வேறு வண்டி தேடுங்கள்.