கையெழுத்து டோயோகுனி, கடைக்காரர் சொல்வது குனிசாதா: இந்தக் கபுகி படத்தை வாங்கலாமா?

கேள்வி: வேலைக்காக டோக்கியோ வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஜிம்போச்சோவில் ஒரு பழைய புத்தகக் கடையில் கபுகி நாடக நடிகரின் மரஅச்சுப் படம் ஒன்றைப் பார்த்தேன். விலை 18,000 யென். குனிசாதா வரைந்தது என்கிறார் கடைக்காரர். போனில் படம் பிடித்து மொழிபெயர்த்தால் கையெழுத்து டோயோகுனி என்று வருகிறது. நடிகர் பெயர் இல்லை, நாடகப் பாத்திரத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. சின்னதாக மூன்று முத்திரைகள். வலது ஓரத்தில் ஒரு வாள் பாதியோடு நின்றுவிடுகிறது. அசல்தானா? வாங்கலாமா?

பதில்: பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். கடைக்காரர் சொன்னதும் சரி, நீங்கள் படித்ததும் சரி. உதாகாவா குனிசாதா (1786–1865) தன் குருவின் பெயரான டோயோகுனியை 1844-இல் தனக்குச் சூட்டிக்கொண்டார். அதன்பின் வந்த படங்களில் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் கையெழுத்து. குருவோ 1825-லேயே காலமாகிவிட்டார். அதனால் படத்தின் வருடம் தெரிந்தால் எந்த டோயோகுனி என்பதும் தெரிந்துவிடும். வருடத்தைச் சொல்லத்தான் அந்த மூன்று முத்திரைகள் இருக்கின்றன.

1790-களிலிருந்து எடோவில் (இன்றைய டோக்கியோ) தணிக்கை முத்திரை இல்லாமல் படம் விற்பனைக்கு வர முடியாது. முத்திரை போடும் முறை சில வருடங்களுக்கு ஒருமுறை மாறியது. அந்த மாற்றங்கள் இன்று நமக்குக் காலண்டர் போல உதவுகின்றன. இரண்டு தணிக்கையாளர்களின் பெயர் முத்திரை, கூடவே ஒரு தேதி முத்திரை என்று மூன்றும் சேர்ந்து வந்தது 1852, 1853 ஆகிய இரண்டே வருடங்களில்தான். தேதி முத்திரையில் ஒரு விலங்கின் எழுத்தும் மாத எண்ணும் இருக்கும். எலி என்றால் 1852, எருது என்றால் 1853. கடைக்காரரிடம் கேட்டால் ஒரு நொடியில் படித்துச் சொல்லிவிடுவார்.

ஆனால் ஒன்று. முத்திரையும் அச்சடிக்கும் மரப்பலகையில் செதுக்கப்பட்டதுதான். பின்னாளில் மறுபதிப்புக்காகப் புதுப் பலகை செதுக்கியவர்கள் முத்திரையையும் சேர்த்தே செதுக்கினார்கள். ஆகவே முத்திரையில் இருப்பது படம் முதலில் வெளியான தேதி. உங்கள் கையில் இருக்கும் தாள் எப்போது அச்சானது என்பதை அது சொல்லாது. அதற்குத் தாளைத்தான் பார்க்க வேண்டும். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

உறையிலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடையில் தயங்க மாட்டார்கள். முதலில் பின்பக்கம் திருப்புங்கள். அசல் என்றால் அது கோசோ என்கிற செடியின் நாரில் செய்த கைத்தாள். நிறம் தாளுக்குள் ஊறிப் பின்னால் மங்கலாகத் தெரியும். பாரென் என்ற வட்டமான தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்த தடம் வளைவு வளைவாகத் தெரியலாம். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தால், ஒன்று அது இயந்திர அச்சு, இல்லை வேறு தாளில் ஒட்டப்பட்டது. அப்புறம் ஒரு பூதக்கண்ணாடியை முன்பக்கம் வைத்துப் பாருங்கள். நிறம் ஒழுங்கான புள்ளிகளாகப் பிரிந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள், அது இயந்திர அச்சேதான்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது வெறும் கறுப்பாக இருந்த கிமோனோவில், வெளிச்சம் பட்டதும் பட்டு நெசவு போல ஒரு கட்டம் பளபளக்கும். கறுப்பின் மேலேயே தேய்த்து மெருகேற்றிய வேலைப்பாடு அது. வெள்ளைக் கழுத்துப்பட்டியில் மை இல்லாமல் அழுத்திய புடைப்பு இருக்கலாம். நெற்றியில் மயிர்க்கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறதா பாருங்கள். பலகை தேயத் தேய முதலில் உடைவது அந்தக் கோடுகள்தான். இவையெல்லாம் இருந்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது ஆரம்பப் பிரதி. எனக்கு அது ஓவியரின் பெயரை விடப் பெரிய விஷயம்.

நிறத்தையும் கவனியுங்கள். 1852-இல் நீலம் பெரும்பாலும் பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை நிறமியாக இருக்கும், 1830-ஐ ஒட்டிப் பரவியது அது. கண்ணைப் பறிக்கிற ஊதாவும் சிவப்பும் அனிலின் என்ற செயற்கைச் சாயங்கள். அவை ஜப்பானிய அச்சுக்கு வந்தது 1860-களில்தான். முத்திரை எலி வருடம் என்று சொல்லி, ஊதா பளிச்சென்று அடித்தால் யோசியுங்கள்.

மறுபதிப்பு பயம் குனிசாதா விஷயத்தில் கொஞ்சம் குறைவுதான். ஆயிரக்கணக்கில் வரைந்தவர், அசலே நிறையக் கிடைக்கிறது. ஷராகு என்ற ஓவியர் அப்படியில்லை. 1794–95-இல் சுமார் பத்தே மாதம் வேலை செய்துவிட்டுக் காணாமல் போனவர். அவர் படம் மலிவாகக் கிடைத்தால் அது பிற்காலப் பிரதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நடிகர் பெயர் இல்லாததற்கு ஒரு கதை உண்டு. ஆடம்பரத்தை ஒடுக்க அரசு கொண்டுவந்த டென்போ சீர்திருத்தத்தில், 1842-இல் நடிகர் படங்களே தடை செய்யப்பட்டன. புகழின் உச்சியில் இருந்த ஏழாம் இச்சிகாவா டஞ்சூரோ ஆடம்பரமாக வாழ்ந்தார் என்று எடோவை விட்டே வெளியேற்றப்பட்டார். சில வருடங்களில் பிடி தளர்ந்து படங்கள் திரும்பி வந்தன, ஆனால் நடிகர் பெயரை மட்டும் போடாமல் விட்டார்கள். பெயர் தேவைப்படவும் இல்லை. மூக்கையும் தாடையையும் பார்த்தே ரசிகர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். நமக்கு அந்தக் கண் இல்லாததால் வேறு வழியில் போகலாம். உடையில் குடும்பச் சின்னம் இருக்கிறதா பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் என்றால் டஞ்சூரோ குடும்பம். இல்லையென்றால் பாத்திரத்தின் பெயரையும் வருட மாதத்தையும் வைத்து வாசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் தேடுங்கள். பெரும்பாலும் அதே படம் நடிகர் பெயரோடு அகப்படும்.

பாதி வாளுக்கு வருவோம். உங்கள் படம் அநேகமாக மூன்று தாள் தொடரில் ஒன்று. தனித் தாளாகவும் விற்றார்கள், வாங்கியவர்கள் பிரித்தும் வைத்தார்கள். இது குறை இல்லை, விலையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அதே சமயம் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஓபன் என்கிற வழக்கமான தாள் அளவு ஏறக்குறைய 37 x 25 செ.மீ. ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் பரவாயில்லை. கையெழுத்தையோ முத்திரையையோ அறுத்துக்கொண்டு வெட்டியிருந்தால் நான் வாங்க மாட்டேன். ராமபாணப் பூச்சி அரித்த ஒன்றிரண்டு துளையை மன்னிப்பேன், முகத்தின் மேல் இருந்தால் மாட்டேன்.

நிறம் நன்றாக இருந்து, பின்பக்கச் சோதனையும் தேறினால் 18,000 யென் எனக்கு நியாயமான விலையாகவே தெரிகிறது. வாங்குங்கள்.

வாங்கியபின் செலோ டேப்பும் ஃபெவிகாலும் அதன் பக்கமே போகக் கூடாது. நான் வாங்கிய முதல் படத்தை ஃபிரேம் போடக் கொடுத்தேன். அழுத்தமாக நிற்கட்டும் என்று முதுகு முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். பாரென் தடம் எல்லாம் அந்த அட்டைக்குள் போய்விட்டது, இன்றும் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அமிலமில்லாத அட்டை, மேல் ஓரத்தில் மட்டும் வாஷி என்ற ஜப்பானியத் தாளில் இரண்டு சிறு கீல்கள், கோதுமை ஸ்டார்ச் பசை என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். குசும்பப்பூவிலிருந்து எடுத்த சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் டோக்கியோ வீடுகளில் ஈரம் ஏறும். அந்த இரண்டு மாதமும் சுவரிலிருந்து இறக்கி, ஈரமில்லாத அலமாரியில் படுக்கை வசமாக வையுங்கள்.

விலங்கு, மாதம், பதிப்பாளர் குறி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி பர்சில் வைத்துக்கொள்ளுங்கள். வாளின் மறுபாதி இருக்கும் தாளிலும் பெரும்பாலும் அதே குறிகள்தான் இருக்கும். ஜிம்போச்சோவில் அடுத்த தட்டைப் புரட்டும்போது அது தேவைப்படும்.