தண்டனை விழுந்த பிறகு ஆட்கொணர்வு மனு போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு நெல்லை கூடுதல் அமர்வு நீதிமன்றம் 10 ஆண்டு தண்டனை கொடுத்து 4 மாதம் ஆகிறது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருக்கிறான். பக்கத்துத் தெருப் பையனை ஆட்கொணர்வு மனு போட்டு வெளியே எடுத்துவிட்டார்கள். நாங்களும் போடலாமா?
- ஒரு அக்கா, அம்பாசமுத்திரம்

பதில்: ஆட்கொணர்வு மனு என்பது, ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள், அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து விடுவிக்க வேண்டும் என்று கேட்பது. அந்தப் பையன் அநேகமாகக் குண்டாஸில் (குண்டர் தடுப்புச் சட்டத்தில்) உள்ளே போனவனாக இருப்பான். அது கலெக்டரோ கமிஷனரோ போடும் தடுப்புக் காவல். வழக்கு நடத்திக் கொடுத்த தண்டனை அல்ல. உள்ளே இருப்பவருக்குக் கொடுத்த ஆவண நகலில் எழுத்தே தெரியவில்லை, அவர் கொடுத்த கோரிக்கை மனுவைக் கிடப்பில் போட்டார்கள் என்பதற்காகக்கூட அந்த உத்தரவுகள் ரத்தாவதுண்டு.

உங்கள் தம்பி விஷயம் வேறு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டால், இவர் எந்த உத்தரவின்பேரில் உள்ளே இருக்கிறார் என்பதைத்தான் நீதிபதிகள் முதலில் பார்ப்பார்கள். சிறையில் தண்டனை வாரண்ட் இருக்கும். அதிகாரமுள்ள நீதிமன்றம் கொடுத்ததென்றால் மனு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சாட்சி பொய் சொன்னார், தீர்ப்பு தப்பு என்பதையெல்லாம் அதில் கிளற முடியாது. அதற்கு அப்பீல்தான்.

உயர் நீதிமன்ற அப்பீலுக்குக் கெடு 60 நாள். தாண்டிவிட்டதே என்று கையைப் பிசைய வேண்டாம். தீர்ப்பு நகலில் ஒரு முத்திரை இருக்கும்; நகல் கேட்ட தேதியும் தயாரான தேதியும் அதில் உண்டு. அந்த இடைப்பட்ட நாட்கள் கணக்கில் சேராது. மிச்சத் தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லித் தனி மனு போடலாம். கூடவே தண்டனையை நிறுத்திவைக்கக் கேளுங்கள். அப்பீல் முடியும் முன் அவர் வெளியே வர அதுதான் நேர்வழி. வக்கீல் ஃபீஸுக்கு நகையை அடகு வைக்கும் முன் ஒன்று: காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். சிறை அதிகாரி வழியாகவே அப்பீல் அனுப்பவும் முடியும்.

சரி, தண்டனைக் கைதிக்கு ஆட்கொணர்வு மனு உதவவே உதவாதா? தண்டனைக் காலம் முடிந்தும் விடாமல் வைத்திருந்தால் உதவும். இதில் அடிக்கடி இடிப்பது செட்-ஆஃப். தீர்ப்புக்கு முன் ரிமாண்டில் கிடந்த நாட்களை 10 ஆண்டில் கழிக்க வேண்டும். அடுத்த தடவை பார்க்கப் போகும்போது, வாரண்டில் அந்த நாட்களைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று தம்பியைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.