1500 சுற்றுக்கு மேல் அதிரும் படகு

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஓடும்போது இஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு மேல் போனால் படகு அதிர்கிறது, புது விசிறி (ப்ரொப்பெல்லர்) போட்டும் நிற்கவில்லை என்கிறீர்கள். விசிறி சுற்றாதபடி நியூட்ரலில் வைத்து, இஞ்சினை அதே வேகத்துக்குக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் பிழை இஞ்சினில்தான். இஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர், எரிபொருள் தெளிக்கும் இஞ்செக்டர் பக்கம் போங்கள்.

அதிராவிட்டால், இஞ்சின் பக்கத்தை விசிறியின் தண்டோடு (சாஃப்ட்) இணைக்கும் கப்ளிங்கைத்தான் சந்தேகிப்பேன். கரையில் ஏற்றி வைத்து நேராக்கினீர்களாம், அது சரிவராது. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடல் கொஞ்சம் வளையும். ஒரு நாள் மிதக்கவிட்டு, போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களுக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு நாலு பக்கமும் அளவெடுங்கள். 4 அங்குலக் கப்ளிங்கென்றால் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும்.

அப்புறம் விசிறிப் பக்கம் சாஃப்டைக் கையால் ஆட்டுங்கள். நன்றாக ஆடினால், அங்கே சாஃப்டைத் தாங்கும் ரப்பர் பேரிங்கான கட்லஸ் பேரிங் தேய்ந்துவிட்டது. நான் ஒருமுறை இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் சாஃப்டில் சுற்றியிருந்த வலைத்துண்டைக் கண்டேன்!