ட்ரிக்கியின் 'மேக்சின்குவே' ஆல்பத்துக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

கேள்வி: ஹிப் ஹாப் தாளத்தை மெதுவாக்கி இருண்ட ஒலிகளோடு கலக்கும் ட்ரிப் ஹாப் இசையை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ட்ரிக்கியின் 'மேக்சின்குவே' இருக்கிறது. 1995இல் வந்த ஆல்பத்தை இன்னமும் ஏன் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? அதற்குத் தகுதியானதுதானா?

பதில்: தகுதியானதுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அன்றைக்குக் கொண்டாடியவர்களில் பாதிப்பேர் அதை ஒரு புது பாணியின் அடையாளமாகத்தான் பார்த்தார்கள். எனக்கு அது அம்மாவை இழந்த ஒரு பிள்ளையின் ஆல்பம். அப்படிக் கேட்டால்தான் அது முழுசாகப் பிடிபடும்.

ட்ரிக்கியின் சொந்தப் பெயர் ஏட்ரியன் தாவ்ஸ். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் நோல் வெஸ்ட் என்ற ஏழ்மையான பகுதியில் வளர்ந்தவர். அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா தற்கொலை செய்துகொண்டார். அம்மாவின் பெயர் மேக்சின் குவே. அந்தப் பெயரைச் சேர்த்து எழுதித்தான் தன் முதல் ஆல்பத்துக்குத் தலைப்பு வைத்தார். 'ஆஃப்டர்மாத்' பாட்டில் "உன் கண்கள் என்னுடையவை போலவே இருக்கின்றன" என்ற பொருளில் ஒரு வரி வரும். அதை எழுதியபோது அவருக்குக் குழந்தையே இல்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தபோது, கவிதை எழுதும் பழக்கமிருந்த தன் அம்மாதான் தன் வழியாகப் பேசியதாகத் தோன்றியது என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டைக் கேட்டால் நெஞ்சை என்னவோ செய்யும்.

ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் மார்ட்டினா டாப்லி-பேர்ட். ட்ரிக்கி அவரைச் சந்தித்தபோது அவர் பள்ளி மாணவி. அவர் முன்னால் நின்று தெளிவாகப் பாடுவார், அதே வரிகளை ட்ரிக்கி பின்னாலிருந்து கரகரத்த குரலில் முணுமுணுப்பார், சில இடங்களில் ஒரு அரை நொடி தள்ளியே வரும். ஆண் எழுதியதைப் பெண் பாடுகிறாள், அதற்குள் அவன் ஒளிந்துகொண்டிருக்கிறான். எனக்கு இந்த ஆல்பத்தின் உயிர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. ஹெட்போனில் கேளுங்கள், ஸ்பீக்கரில் அந்த முணுமுணுப்பு பாதி காணாமல் போய்விடும்.

உருவாக்கிய விதமும் விசித்திரமானது. உடன் தயாரித்தவர் மார்க் சாண்டர்ஸ், 'த க்யூர்' என்ற ராக் குழுவோடு வேலை செய்தவர். ட்ரிக்கி ஒரு ரெக்கார்டை எடுத்து நீட்டி இதை சாம்பிள் செய் (அதாவது ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புதுப் பாட்டில் பயன்படுத்து) என்பாராம், அதன்மேல் இன்னொன்றைப் போடு என்பாராம். இரண்டும் வேறு வேறு சுருதி, வேறு வேறு வேகம். ஒட்டாது என்று சொன்னாலும் விடமாட்டார். சாண்டர்ஸ் சாம்ப்ளரில் வேகத்தையும் சுருதியையும் ஏற்றி இறக்கி எப்படியாவது பொருத்துவார். அந்த ஒட்டாத தன்மையின் மிச்சம்தான் பாடல்களில் கேட்கும் அந்த மந்தமான, தலைசுற்றும் உணர்வு. முறைப்படி இசை படித்த ஒருவர் இதற்குச் சம்மதித்திருக்கவே மாட்டார்.

நாம் தனியாகக் கேட்கவேண்டிய பாட்டு ஒன்று இருக்கிறது: 'பிளாக் ஸ்டீல்'. இது பப்ளிக் எனிமி குழு 1988இல் வெளியிட்ட ராப் பாட்டு. ராணுவத்துக்கு வரச்சொல்லி அரசாங்கம் அனுப்பிய கடிதத்தை ஏற்க மறுத்துச் சிறைக்குப் போகும் கறுப்பின இளைஞனின் கதை. அதை ட்ரிக்கி ஒரு இளம்பெண்ணின் குரலில் பாட வைத்து, கூடவே ராக் கிட்டார்களை அலறவிட்டார். அடியில் ஓடும் தாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 'ரோஜா' படத்தின் 'ருக்குமணி ருக்குமணி'! ரஹ்மானின் முதல் படம் வந்து மூன்றே வருடத்தில் அந்தத் தாளத்தின் ஒரு துண்டு பிரிஸ்டல்காரர் ஒருவரின் கைக்குப் போயிருக்கிறது. முதலிரவுக் கேலிப்பாட்டின் குதூகலம் துளியும் மிச்சமில்லாமல் அதே அடி ஒரு கைதியின் கோபமாக மாறியிருப்பதைக் கேட்கும்போது எனக்கு இரண்டு பேர் மேலும் மரியாதை கூடிப்போனது.

சரி, வரவேற்புக்கு வருவோம். 1995 பிப்ரவரியில் வெளியாகி பிரிட்டன் ஆல்பப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது. என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை அதை அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவில் வில்லேஜ் வாய்ஸ் வாரப் பத்திரிகை நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் பாடகி பி.ஜே. ஹார்வியின் ஆல்பத்துக்கு அடுத்து இரண்டாம் இடம். பிரிட்டனில் வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டது, ஆனால் பரிசு போர்ட்டிஸ்ஹெட் குழுவின் 'டம்மி'க்குப் போனது. அதுவும் பிரிஸ்டல் வட்டாரம்தான். இரண்டு ஆல்பத்திலும் அமெரிக்க சோல் பாடகர் ஐசக் ஹேய்ஸின் ஒரே இசைத்துண்டு இருக்கிறது: அங்கே 'குளோரி பாக்ஸ்', இங்கே 'ஹெல் இஸ் ரவுண்ட் த கார்னர்'. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். போர்ட்டிஸ்ஹெட்டில் அது ஏக்கம், ட்ரிக்கியிடம் அது பயம்.

இவ்வளவு பாராட்டும் ட்ரிக்கிக்குச் சந்தோஷம் தரவில்லை. ட்ரிப் ஹாப் என்ற பெயரே ஆல்பத்துக்கு ஒரு வருடம் முன்னால் மிக்ஸ்மேக் என்ற இசைப் பத்திரிகை புழக்கத்தில் விட்டது. அதைத் தன் தலையில் கட்டுவதை அவர் அடியோடு வெறுத்தார். அதற்குள் அந்த மெதுவான தாளம் காபி கடைகளிலும் துணிக்கடைகளிலும் பின்னணி இசையாகிவிட்டது. இத்தனை பதற்றமும் துக்கமும் உள்ள பாடல்களை இதமான இசை என்று விற்றது பெரிய அநியாயம் என்றுதான் நானும் சொல்வேன். பழைய ரசிகர்கள் கேட்ட இரண்டாவது 'மேக்சின்குவே'யை அவர் தரவே இல்லை. 1996இல் வந்த 'ப்ரீ-மிலேனியம் டென்ஷன்' வேண்டுமென்றே கரடுமுரடாக, இன்னும் இருட்டாக இருக்கும்.

2023இல் சில பாடல்களை ட்ரிக்கியே புதிதாகச் செய்து சேர்த்த பெரிய மறுபதிப்பு ஒன்று வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பழைய 12 பாடல்களை 'ஓவர்கம்' தொடங்கி வரிசை மாற்றாமல் கேளுங்கள். முதல் தடவை பிடிக்காவிட்டால் 'பிளாக் ஸ்டீல்' ஒன்றை மட்டும் சத்தம் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.